பாட்டுக்கும் வருணாசிரமமா?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் கொஞ்சம் விநோதமானது. கோயில், புராணம், சடங்கு, ஜோசியம் ஆகியவைகளைப் பற்றியே வழக்கமாய்ப் பேசிவரும் நம்மிடம், "எக்காலத்திற்கும் சிறந்த பாட்டு ஆல்பங்கள் எவை?" என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கைப்பேசியிலும் அவரவர்க்குப் பிடித்த பத்து ஆல்பங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைபோட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்களாம். ஒருவர் இளையராஜா என்கிறார். ஒருவர் ரகுமான் என்கிறார். வயதானவர்கள் விசுவநாதன் - இராமமூர்த்திக்கு மேல் ஒருவரும் இல்லை என்கிறார்கள். பேச்சு முற்றிச் சில சமயம் சிநேகிதம் கெடும் அளவுக்கும் போய்விடுகிறதாம்.

இதைக் கேட்டவுடன், "சாமி, பூதமெல்லாம் முடிந்து இப்போது பாட்டுக்கும் வந்துவிட்டார்களா? மனிதன் இன்பமாய் நாலு பாட்டுக் கேட்பதிலும் இவர்களுக்கு ஆட்சேபனையா?" என்று சிலர் கேட்கலாம். ஆட்சேபனை சிறிதும் இல்லை. ஒருவனுக்குக் கேழ்வரகுக் களி பிடிக்கிறது. இன்னொருவனுக்கு இட்டிலி பிடிக்கிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. தனக்குப் பிடித்த பாட்டைத் தோழனுக்குச் சொல்லி, தோழனுக்குப் பிடித்ததைத் தானும் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கமேயாகும். ஆனால், "எனக்குப் பிடித்தது" என்பது எப்பொழுது "எல்லாவற்றிலும் உயர்ந்தது" என்று ஆகிறதோ, அதற்கும் மேலே போய் "எக்காலத்திற்கும் உயர்ந்தது" என்று ஆகிறதோ, அப்பொழுது அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க நாம் கடமைப்பட்டவர்களாகிறோம். ஏனெனில், மேல் கீழ் என்று வரிசைபோட்டு, அந்த வரிசை என்றைக்கும் மாறாது என்று சொல்லப்பட்ட ஒரு ஏற்பாட்டினால் தலைமுறை தலைமுறையாய் மிதிபட்ட ஜனங்கள் நாம். அந்த ஏற்பாடு எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும் யோக்கியதை மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகமாய் இருக்க வேண்டும்.

முதலில் இந்த "எக்காலம்" என்பதன் வயது என்ன என்று பார்ப்போம். எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கச் செய்யும் யந்திரத்தைச் செய்தது 1877-இல். இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வந்து கல்கத்தாவில் பாட்டுப் பதிந்தது 1902-இல். அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்குச் சுமார் மூன்று நிமிஷந்தான் பாட்டு. ஒரு நீண்ட பாட்டுக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தபடியால், போட்டோப் புத்தகம் போல ஒரு அட்டைக்குள் அவைகளைச் சேர்த்து விற்றார்கள். அதற்குத்தான் ஆல்பம் என்று பெயர் வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்திற்கு மேல் ஓடும் நீண்ட தட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1948-இல். ஆகவே "எக்காலத்திற்கும் சிறந்த ஆல்பம்" என்றால், மனிதன் பாட ஆரம்பித்த எத்தனையோ ஆயிரம் வருஷங்களில் நமது தாத்தா காலத்திற்கு முந்தியதெல்லாம் கணக்கில் சேரவில்லை என்பது அர்த்தம். பதியப்படாத பாட்டு இந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை. ஓடாதவனைத் தோற்றவன் என்று சொல்லுவது என்ன நியாயம்?

நிற்க, வரிசை போடுகிறவர்கள் யார் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் ரோலிங் ஸ்டோன் என்று ஒரு பத்திரிகை. அது 2003-இல் பலரிடம் ஓட்டு வாங்கி, எக்காலத்திற்கும் சிறந்த 500 ஆல்பங்கள் என்று ஒரு ஜாபிதா வெளியிட்டது. பீட்டில்ஸ் என்னும் இங்கிலீஷ் கோஷ்டியார் 1967-இல் வெளியிட்ட "சார்ஜென்ட் பெப்பர்" என்பது முதலாவது. உலகமெல்லாம் இதை வேதவாக்காய் எடுத்துச் சொன்னார்கள். அதே பத்திரிகை 2020-இல் புதிதாக ஓட்டு வாங்கியது. இப்பொழுது முதலாவதாக வந்தது மார்வின் கே என்னும் கறுப்பினப் பாடகர் 1971-இல் வெளியிட்ட ஆல்பம். வியட்நாம் யுத்தத்தையும், ஏழ்மையையும், போலீஸ் கொடுமையையும் பற்றி மனம் நொந்து பாடியது அது. பழைய முதலாவது 24-ஆவது இடத்திற்குப் போய்விட்டது. தோழர்களே! இந்த 17 வருஷத்தில் அந்த இரண்டு தட்டுகளிலும் ஒரு சுருதியாவது மாறிற்றா? இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள், காலம் மாறிற்று, வரிசையும் மாறிற்று. எக்காலத்திற்கும் என்று எழுதினது 17 வருஷத்திற்குக்கூடத் தாங்கவில்லை.

நம்மவர் பெருமைப்பட்டுக்கொண்ட சங்கதியும் ஒன்று உண்டு. 2002-இல் பி.பி.சி. உலக வானொலி, உலகத்தின் தலைசிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. "தளபதி" படத்தில் இளையராஜா இசையமைத்த "ராக்கம்மா கையத் தட்டு" நாலாவதாக வந்தது. தமிழர் சந்தோஷப்பட்டார்கள், நாமும் பட்டோம். ஆனால் முதலாவது வந்தது ஐரிஷ்காரர்களின் தேசப் பாட்டு. இதிலிருந்து உலகத்துப் பாட்டுகளிலெல்லாம் அதுதான் இனிமையானது என்று ஏற்படுமா? ஓட்டுப் போட வசதியும் ஊக்கமும் உள்ளவர்கள் யார் யார் என்பதுதான் ஏற்படும்.

இது நமது யூகமல்ல; பரீட்சை செய்தே பார்த்திருக்கிறார்கள். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் அமெரிக்காவில் செய்த சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. முன்பின் கேட்டிராத 48 பாட்டுகளை 14,000 பேருக்கு மேல் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியாருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் கூட்டமாய்ப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனைபேர் எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும்படி செய்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடத்திலெல்லாம், முன்னால் போன பாட்டு மேலும் முன்னால் போயிற்று. ஒரு கூட்டத்தில் முதலாவதாக வந்த பாட்டு, இன்னொரு கூட்டத்தில் 40-ஆவதாக வந்தது! மிக நல்ல பாட்டு அடியோடு விழுந்ததும், மிக மட்டமானது உச்சிக்கு ஏறியதும் அபூர்வமே. நடுவில் இருந்தவைகளுக்கு எதுவும் நேரலாம் என்று ஆயிற்று. ஒரு கோயிலில் கூட்டம் சேருவதும் இப்படித்தான். கூட்டத்தைப் பார்த்து, "சக்தி இல்லாமலா இத்தனைபேர் வருவார்கள்?" என்று இன்னொரு கூட்டம் வருகிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். வரிசை போடும் வித்தையை நாம் அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டியதில்லை. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் ஏற்பட்டது. அக்காலத்துக் கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் முக்கிய உருப்படிகள். தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் ஒரு மூலை. அதற்குத் "துக்கடா" என்று பெயர். தமிழ்நாட்டில், தமிழர் கொடுத்த காசில், தமிழுக்குத் துக்கடா ஸ்தானம்! 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்ப் பாட்டு முதன்மையாய்ப் பாடப்பட வேண்டும் என்று கேட்டபோது, பாஷையை உத்தேசித்துச் சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கக்கூடாது என்று அகாடமியில் பதில் சொன்னார்கள். தரம் என்ற அந்த ஒரு வார்த்தையை நன்றாய்க் கவனியுங்கள். தரம் என்றால் என்ன, அளப்பது யார், அளவுகோல் எது என்று கேட்டால் பதில் கிடையாது. பிறகு 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. தமிழில் பாடினதால் எந்த ராகமும் கெட்டுப் போகவில்லை.

அன்றியும், அந்த அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் ஒரு பாடகிக்குக் கிடைக்க 1968 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது, எம்.எஸ்.சுப்புலட்சுமிதான் முதல்வர். 1956-இல் காலஞ்சென்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்திற்கு நாடே தலையசைத்தது. அந்த ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை. நாதசுரக்காரர் தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்த நாட்டில், துண்டை எடுக்காதே என்று சொல்லச் சுயமரியாதைக்காரர்கள் வர வேண்டியிருந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று. மிருதங்கமும் தோல், பறையும் தோல். மிருதங்கத்திற்கு மாட்டுத் தோலும் வேண்டும், ஆட்டுத் தோலும் வேண்டும். அத்தோலைப் பதம் செய்து, இழுத்துக் கட்டி, சுருதி சேர்த்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தார். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தோல் மேடைக்கு வந்தால் தேவவாத்தியம். அதைக் கட்டினவன் மேடைக்கு வந்தால் தீட்டு. பறை சேரியில் ஒலித்தால் இழவு மேளம். காதுக்கு ஜாதி தெரியுமா, தோழர்களே? தெரியாது. காதுக்குப் பின்னால் இருக்கும் மூளைக்குத்தான் யாரோ ஜாதியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்பொழுது நமது ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. மேற்கே கல்வராயன் மலை. அங்கே வெள்ளிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர்; மலையில் வாழ்பவர்கள் என்பதால் இப்பெயர். 1976 வரையில் இவர்கள் ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தவர்கள். அதே 1976-இல்தான் "அன்னக்கிளி" படம் வந்து, கிராமத்து மெட்டு சினிமாவில் உச்சிக்கு ஏறிற்று. மேடைமேடையாய்ப் பொதுவுடைமைப் பாட்டுப் பாடித் திரிந்த பண்ணைப்புரத்துச் சகோதரர்களில் ஒருவர் அதைச் செய்தார். அதுவரை கிராமத்து மெட்டு மட்டம் என்று சொல்லிவந்தவர்கள் அதன் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். மெட்டு பழையதுதான், பதிந்து ஊரெல்லாம் கேட்கச் செய்ய ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே.

அப்படி வழி கிடைக்காத பாட்டுகள் எத்தனை? மலையில் சாமையும் கேழ்வரகும் அறுக்கும்போது பாடுகிற பாட்டு, கலியாணப் பாட்டு, கும்மி. கீழே சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவலூர்ப் பக்கங்களில் நடவுப் பாட்டு, ஒப்பாரி, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து - இவைகளில் எது உங்கள் பத்தில் இருக்கிறது? உங்கள் பாட்டிக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? மேலே உள்ளவன் நம்மைச் சேர்க்காமல் ஜாபிதா போட்டான் என்று கோபிக்கிற நாமே, நம்மைவிடக் கீழே என்று நினைப்பவர்களைச் சேர்க்காமல் ஒரு ஜாபிதா போட்டால், நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னவுடன் சில கலாபிமானிகள் எழுந்து, "ஆமாம், பறை அழிகிறது, அந்தப் பிள்ளைகள் அதை விடாமல் அடிக்க வேண்டும்" என்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. இழவு வீட்டில் கூலிக்கும் சாராயத்திற்கும் அடித்தே தீர வேண்டும் என்று ஒரு ஜாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையை, "இனி அடிக்க மாட்டேன்" என்று ஒருவன் கீழே வைத்தால், அவன் மானத்தைவிட எந்தக் கலையும் பெரிதல்ல. பறை வாழவேண்டுமென்று ஆசைப்படுகிறவர் தம் பிள்ளையின் கையில் முதலில் கொடுக்கட்டும். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் இஷ்டப்பட்டுக் கற்று, சரியான கூலிக்கு மேடையில் வாசிக்கும்போதுதான் அது கலை. அதுவரை அது ஜாதிவேலை.

ஆகவே, தோழர்களே, ஜாபிதா போடுவதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. போடுங்கள்; ஆனால் "எக்காலத்திற்கும்" என்பதை அடித்துவிட்டு, "இன்றைக்கு எனக்கு" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். காரணம் அகப்படாவிட்டால், ஊர் சொன்னதை நாமும் சொல்லுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாடினவர், மெட்டமைத்தவர் பெயரோடு நிற்காமல் வாசித்தவர்கள் பெயரையும் தேடி எழுதுங்கள். பெயரை மறைத்துக் கேட்டுப் பாருங்கள். 2010-இல் அமெரிக்காவில் 21 வயலின் வித்வான்களுக்குப் பழைய வயலின் எது, புது வயலின் எது என்று தெரியாதபடி கண்ணை மறைத்து வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்தது புதியது. கடைசியாய் வந்தது, பல லட்சம் டாலர் பெறும் பழம்பெரும் ஸ்ட்ராடிவாரி வயலின்! பெயர் போனால் பக்தியும் போய்விடுகிறது.

கடைசியாக, உங்கள் கையிலிருக்கும் கைப்பேசி அந்த 1902-ஆம் வருஷத்துக் கம்பெனி யந்திரத்தைவிடப் பெரிய யந்திரம். பாட்டியிடமும், கூத்துக்காரரிடமும், மலையில் உள்ளவர்களிடமும் போங்கள். சம்மதம் கேளுங்கள், சம்மதித்தால் பதியுங்கள், அவர்கள் பெயரைப் போடுங்கள், காசு வந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். அவர்களையும் உட்காரவைத்து உங்கள் ஆல்பங்களைக் கேட்கச் செய்து, எப்படி இருக்கிறது என்று அவர்கள் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். இதுவரை அவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் ஜாபிதாவை எடுத்து வைத்துக்கொண்டு, யார் போட்டது, யாரை விட்டது, எதைக்கொண்டு அளந்தது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விகளுக்கு நிற்கிற பாட்டு நிற்கட்டும்.