முன்வரிசைப் பிள்ளையும் குருதிச் சோதனையும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



காலைப் பிரார்த்தனைக்கு நாம் உயரப்படி வரிசையில் நின்றவர்கள். முன்னுக்கு நின்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களும் நாமே. அவர்களுள் ஒருத்தி விளையாட்டு நேரத்தில் மூச்சு வாங்கி, மர நிழலில் குந்திவிடுவாள். "சோம்பேறி" என்றோம். அவளுடைய குருதியைச் சோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று வைத்தியர்களாக நாம் அவளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

வளர்ச்சி ஓமோன் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் உருவாகி, பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் ஈரல் இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. இவை என்புகளை நீளச் செய்வதோடு, என்பு மச்சையில் செங்குழியங்கள் உருவாகவும் உதவுகின்றன. ஆகவே இந்த ஓமோன் குறைந்த பிள்ளைகள் சிலரிடம் இலேசான குருதிச்சோகையும் காணப்படும். அது இரும்புச்சத்துக் குறைவால் வந்ததல்ல என்றால், இரும்பு மாத்திரை பயன் தராது. ஓமோன் ஊசி தொடங்கியபின் உயரத்தோடு ஈமோகுளோபினும் கூடுவதைக் காணலாம்.

ஆனால் குள்ளமாகவும் வெளிறியும் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓமோன் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. போசாக்குக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, சிறுநீரக நோய், தைரொயிட் குறைவு என்பனவும் காரணமாகலாம். தலசீமியாவில் கதை தலைகீழானது. அடிக்கடி குருதி ஏற்றுவதால் சேரும் இரும்பு கபச்சுரப்பியைப் பாதித்து, வளர்ச்சியைத் தடுக்கிறது. அங்கே சேர்ந்த இரும்பை அகற்றும் மருந்தைத் தவறாது எடுப்பதே முக்கியம்.

எனவே வளர்ச்சி அட்டையும் முழுக் குருதிச் சோதனையும் முதலில் வரட்டும். ஓமோன் அலையலையாகச் சுரப்பதால், ஒரு தடவை எடுத்த குருதியில் அதன் அளவைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அதற்கெனத் தூண்டல் சோதனை உண்டு. ஊசியும் அயலவர் சொல்லி வாங்கும் மருந்தல்ல. ஒரு காலத்தில் இந்த ஓமோன் இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் பெற்ற சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் கொடிய மூளை நோய் வந்ததால், 1985இல் அமெரிக்கா அதனை நிறுத்தியது. இன்று ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்படும் ஓமோனே வழங்கப்படுகிறது. என்பு முனைகள் மூடியபின் அதனாலும் உயரம் கூடாது. காலம் தாழ்த்தினால் இழப்பு பிள்ளைக்கே.

தாய்மாரும் ஆசிரியைகளுமான நாம் செய்யக்கூடியவை எளியவை. கதவு நிலையில் பிறந்தநாள்தோறும் பென்சிலால் கோடு போடுவோம். நான்கு வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையில் ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றரேனும் வளராவிட்டால் வைத்தியரிடம் காட்டுவோம். 5 முதல் 11 வயதுவரை ஈமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் காரணம் கேட்போம். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்காமல், கீரையில் தேசிக்காய்ப் புளி விடுவோம்.

இன்றும் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி களைத்து உட்கார்ந்தால், பட்டப்பெயர் வைக்காமல், "ஏன் பிள்ளை, களைக்குதா?" என்று கேட்போம்.