மாற்று மூட்டும் மறு நடையும்

(ஊராட்சி மகளிர் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் வந்தால் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இடுப்பு மூட்டைப் பற்றி. இதற்கும் கிராம வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதை நான் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கற்கவில்லை. என் வீட்டில் கற்றேன்.

என் தாயாருக்கு அப்போது வயது 68. ஒரு மழைநாளில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மருத்துவர்கள் பழுதுற்ற மூட்டை நீக்கி, மாற்று மூட்டுப் பொருத்தினார்கள். மறுநாளே அவரை எழுப்பி நிறுத்தி, வாக்கர் என்னும் நடைச்சட்டத்தைப் பிடித்து நாலடி நடக்கச் செய்தார்கள். நாங்கள் திகைத்து நின்றோம்.

வீடு திரும்பியதும் மருத்துவர் சொன்னது மறந்துபோயிற்று. "அம்மா, நீ எழுந்திருக்காதே, வேண்டியதை நாங்கள் கொண்டுவருகிறோம்" என்றோம். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. சோறும் கட்டிலுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் கால் தசை மெலிந்தது, பேச்சும் குறைந்தது. பிறகு வந்து பார்த்த இயன்முறை மருத்துவர், "அறுவை நன்றாகவே நடந்திருக்கிறது. இவரைப் படுக்கையில் வைத்திருப்பது நோயன்று, உங்கள் அன்பு" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

அம்மா எழ மறுத்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதை மகனாகிய என்னிடம் சொல்லக் கூசி, என் மனைவியிடம் சொன்னார். எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காரும் வகையைச் சேர்ந்தது. மாற்று மூட்டுப் பெற்றவர் அப்படிக் குந்தலாகாது. ஆகவே அடிக்கடி போக நேராதிருக்கும் பொருட்டு, அவர் தண்ணீரையும் சோற்றையும் குறைத்துக்கொண்டார்!

2014 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில், வீட்டுக்கு ரூ.12,000 ஊக்கத்தொகையுடன் ஊர்தோறும் கழிப்பறைகள் எழுந்தன. அவற்றைப் பார்வையிட்டுக் கணக்கு முடித்தவர்களுள் நானும் ஒருவன். குழி சரியா, கதவு சரியா என்று பார்த்தேன். குந்த முடியாதவர் அந்த வீட்டில் உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் தாயார் பட்ட துன்பம் எத்தனை வீடுகளில் நடந்ததோ என்று இன்று எண்ணுகிறேன்.

இனி, இந்த மூட்டின் தன்மையைப் பார்ப்போம். இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். அதற்குள் சுழலும் பந்துபோன்ற தொடை எலும்பின் தலை. இவ்விரண்டும் சேர்ந்ததே இடுப்பு மூட்டு. தேய்மானத்தாலோ, வாதத்தாலோ, இரத்த ஓட்டம் தடைப்பட்டதாலோ, முறிவாலோ அது கெடும்போது மாற்று மூட்டு தேவையாகிறது. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் இத்துறையில் உழைத்தார். முதலில் அவர் டெஃப்ளான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து கெட்டது. தம் முறையின் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, 1962-இல் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்றைய அறுவை முறைக்கு அதுவே அடித்தளம். இக்காலத்து மாற்று மூட்டுக்களில் பெரும்பாலானவை 15, 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கின்றன. அவ்வளவு காலம் உழைக்கும் மூட்டைக் கட்டிலில் கிடத்தி வைப்பது, புது ஏரைப் பரணில் போட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

முதல் சில வாரங்களில் சில விலக்குகள் உண்டு. தரையில் உட்காருதல், சம்மணமிடுதல், குந்துதல், கால்மேல் கால் போடுதல், குனிந்து கீழே கிடப்பதை எடுத்தல் ஆகியவை ஆகா. பாதத்தை உள்நோக்கித் திருகலாகாது. உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் இரு கால்களுக்கிடையே தலையணை வேண்டும். அறுவை செய்த முறையைப் பொறுத்து இவ்விலக்குகளின் காலம் மாறும். எதை எப்போது தளர்த்தலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் கேளாதீர்கள்.

விலக்குகளைச் சொன்னதால் அசையாதிருக்கச் சொன்னேன் என்று கொள்ளவேண்டா. படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது. தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துதல், எதையாவது பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குதல் ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். நடையை வீட்டுக்குள் தொடங்கி, வாசல்வரை, பிறகு தெருமுனைவரை என்று நாளுக்கு நாள் கூட்டுக. நடைச்சட்டத்தை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது, அறுவை செய்யாத பக்கத்துக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே.

உடல் தேறிய பின் நடை, நீச்சல், ஆடு மாடுகளுக்குத் தீவனம் வைத்தல், கடைக்குப் போய்வருதல் ஆகியவற்றை மருத்துவர் சொற்படி மேற்கொள்ளலாம். நாற்று நடுதல், குந்திக் களை எடுத்தல், பெருஞ்சுமை தூக்குதல், குதித்தல் ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று. உழைத்துப் பழகிய உடம்பு சும்மா இருந்தால் மனமும் சோரும். ஆகவே அவர்களுக்கு ஏற்ற வேலையை மீண்டும் கொடுங்கள். உயரமான நாற்காலியில் அமர்ந்து கீரை ஆய்வதும் வேலைதான்.

சில அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், தையல் இட்ட இடத்தில் நீர்க்கசிவு, காலூன்ற முடியாத புது வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி வீட்டைப் பற்றி. தொய்ந்த கயிற்றுக் கட்டில் உதவாது. உறுதியான, உயரமான கட்டில் வேண்டும். நம் முன்னோர் கட்டிய திண்ணை போதிய உயரம் உடையதானால், அதைவிட நல்ல இருக்கை இல்லை. நடக்கும் வழியில் சுருளும் பாய், ஈரம், சிதறிய சாமான்கள் கூடா. இரவில் ஒரு விளக்கு எரியட்டும். கைத்தடியின் அடியில் ரப்பர் இருக்கட்டும். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் குழாய் ஒன்று பதியுங்கள். மேலைநாட்டு முறைப் பீங்கான் அமைக்க இயலாதவர்கள் கவலற்க: நடுவில் துளையிட்ட உறுதியான இரும்பு நாற்காலியைப் பழைய பீங்கானுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பட்டறையிலேயே அதைச் செய்யலாம். என் தாயாருக்கு அவ்வாறே செய்தோம். அந்த நாற்காலி வந்த நாளிலிருந்து அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

செலவை எண்ணி அஞ்சுவோர் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இவ்வறுவை செய்துகொண்டோர் பலர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வர ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேட்டுப் பயன்பெறுங்கள்.

தாய்மார்களே! உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தம் தெருவில் இடுப்பு, முழங்கால் நோயால் முடங்கியிருப்போர் யார் என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். அப்பட்டியலை அடுத்த கிராம சபையில் கொண்டுவாருங்கள். பொதுக் கழிப்பறையிலும் நூலகத்திலும் நியாய விலைக் கடையிலும் சாய்தளமும் கைப்பிடியும் எங்கெங்கே வேண்டும் என்பதை அதைக்கொண்டே நாம் முடிவு செய்வோம். முன்பு கேட்கத் தவறிய கேள்வியை இப்போது உங்கள் வாயிலாகக் கேட்கிறேன்.

இரண்டாவது, முதியவர் எழுந்து நடக்க முற்படும்போது "உட்கார்" என்று சொல்லாதீர்கள்; பக்கத்தில் நின்று துணையாக நடங்கள். மருத்துவர் மூட்டைத் தரலாம். நடையைத் தர வேண்டியவர்கள் வீட்டாரும் ஊராருமே. என் தாயார் இன்று கைத்தடியுடன் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்வருகிறார். வழியில் நான்கு வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவதால், கால்மணி நேர நடைக்கு ஒன்றரை மணி ஆகிறது. தேடிக்கொண்டு போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.