சுப்புலட்சுமி அம்மாளின் சங்கம்

பட்டம் பெறும் மாணவிகளே,

நம் காட்டுப்பாக்கம் வழியாகச் செல்லும் மெட்ரோ தடம் பூந்தமல்லியைக் கலங்கரை விளக்கத்தோடு இணைக்கத் திட்டமிடப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் விவேகானந்தர் இல்லம் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதால் அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் அங்கே தங்கியது பலருக்கும் தெரியும். பின்னாளில் கணவனை இழந்த சிறுமிகள் அதே கட்டடத்தில் தங்கிப் படித்தது அவ்வளவாகத் தெரியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சகோதரி சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தவர். தந்தை சுப்பிரமணிய ஐயர் அவரை மூலையில் உட்காரவிடாமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் ஓர் இந்து விதவைப் பெண் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. மறு ஆண்டே, 1912-இல், சாரதா லேடீஸ் யூனியன் என்ற மாதர் சங்கத்தைத் தொடங்கினார்.

அந்தச் சங்கத்தில் பெண்கள் கூடிச் சொற்பொழிவு கேட்பார்கள், சமூகத்தைப் பற்றிப் பேசுவார்கள், பெண்கல்விக்குத் துணை நிற்பார்கள். அத்தோடு நின்றிருந்தால் நான் இங்கே அதைப் பேசியிருக்க மாட்டேன். படிக்க விரும்பும் இளம் விதவைக்கு முதல் தேவை தங்க ஓர் இடமும் வேளைச் சோறும் என்பது சுப்புலட்சுமிக்குத் தெரியும். பின்னாளில் ஐஸ் ஹவுஸுக்கு மாறிய இல்லம், எழும்பூரில் நான்கைந்து பேரோடு தொடங்கியது. அவரைப் போலவே கணவரை இழந்த சித்தி வாலாம்பாள் துணை நின்றார். பெண்கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசுத் தரப்பில் ஆதரவு தேடித் தந்தார். பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. வீட்டுக்குப் பாரம் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் ஆசிரியைகளாகிச் சம்பளம் வாங்கினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கென்றே தொடங்கியது. அந்த வேலியை நாம் ஏற்க முடியாது. நீங்கள் தொடங்கும் எதுவும் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கட்டும்.

அந்தச் சங்கம் நடத்திய சாரதா வித்யாலயா பள்ளி 1938-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மையார் ஓயவில்லை. 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மகளிர் மன்றம் அமைத்தார். 1956-இல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வழியாக ஒரு பள்ளி உருவாகத் துணை நின்றார்; இன்றைய வித்யா மந்திர் அதுதான்.

இன்று தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய உதவி. ஆனாலும் தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் ஒரு மாணவியின் அப்பாவுக்கு வேலை போய்விட்டால், அந்தப் பெண் யாரிடம் போவாள்? உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒருத்தி இடையில் நின்றிருக்கலாம். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு பட்டம் பெறுகிறவர்கள் ஒரு சங்கமாகச் சேருங்கள். வேலைக்குப் போனதும் மாதம் 100 ரூபாய் போடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே கூடி முடிவு செய்யுங்கள். வாங்குகிறவளை மேடையில் நிற்க வைக்காதீர்கள். நின்றுபோன அந்தத் தோழிக்கு இன்று மாலையே போன் செய்து, மீதித் தேர்வுகளை எழுத எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். முதல் தொகையை நான் தருகிறேன்.