எண்டாஸ்கோப்பிக்குப் பின் ஈரல் நோயாளியைக் காத்தல்

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

ஈரல் சுருங்கிக் கெட்டிப்பட்ட நோயாளி இரத்த வாந்தி எடுத்தால், ஆஸ்பத்திரியில் வாய் வழியாக எண்டாஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, உணவுக் குழாயில் புடைத்துள்ள இரத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் இட்டு இரத்தத்தை நிறுத்துகிறார்கள். அவர் வீடு திரும்பியதும் ஆபத்து நீங்கியதென்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். அதன் பின்னும் வரக்கூடிய கிருமித் தொற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

மதகு அடைபட்டால் வாய்க்கால் நீர் எதிர்த்தேறி, கரை இளகிய இடத்தில் உடைத்துக்கொள்வதை நாம் அறிவோம். குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் இரத்தமும் அவ்வாறே தடைப்பட்டு, மெல்லிய நாளங்களைப் புடைக்கச் செய்கிறது. குடலில் வாழும் கிருமிகள் இரத்தத்தில் புகுந்தால் அவற்றை வடிகட்டி அழிப்பது ஈரலின் வேலை. நலிந்த ஈரலால் அது இயலாது. இரத்தக்கசிவு நேரும்போது கிருமிகள் குடற்சுவரைக் கடப்பது மேலும் எளிதாகிறது. வயிற்றில் தேங்கிய மகோதர நீரில் அவை பெருகினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, குழாய் விட்டதால்தான் தொற்று வந்தது என்று பழிப்பது பொருந்தாது. இரத்தக்கசிவு இல்லாதவருக்கு முன்னேற்பாடாக வளையம் இடும்போது, கிருமி எதிர்ப்பு மருந்து வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. இரத்தக்கசிவுடன் வருபவருக்கோ, வந்தவுடனேயே அம்மருந்தைத் தொடங்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் ஊசியை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம், 7 நாட்களுக்கு மேற்படாமல் தருவது வழக்கம். இதனால் தொற்றும் மரணமும் குறைகின்றன. இரத்தம் நின்றுவிட்டதென்று டாக்டரின் அனுமதியின்றி நோயாளியை அழைத்து வருவது தவறு.

வீட்டில் காய்ச்சல், நடுக்கம், வயிற்று வலி, சிறுநீர் குறைதல், காமாலை மிகுதல் ஆகியவை தென்பட்டால் தாமதிக்கலாகாது. மீண்டும் இரத்த வாந்தியோ கரிய மலமோ கண்டாலும் அப்படியே. காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரலாம். பகலெல்லாம் உறங்குவதும் பேச்சுக் குழறுவதுமே சில சமயம் அதன் அடையாளம். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று அயலார் ஒதுக்கிவிடுவதால் உயிர்கள் வீணே போகின்றன. ஆஸ்பத்திரியில் வயிற்று நீரைச் சிறிது எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கும். கடையில் வாங்கிய வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், அதைக் கொடுக்கலாகாது.

இத்தகைய நோயாளி உள்ள வீட்டை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். அவசரத்தில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையோடு அனுப்புங்கள். மதுவை விலக்குவதும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவதும் இந்நோய் வராமல் காக்கும் வழிகள். இவற்றை ஊரார் அனைவருக்கும் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.