பதினெட்டின் யோக்கியதை



பதினெட்டு என்றதும் நம் மக்களுக்குப் பதினெட்டுப் புராணமும் பதினெட்டுப் படியும் ஞாபகத்திற்கு வருமேயொழிய வேறொன்றும் வராது. இரசாயன சாஸ்திரத்திலும் ஒரு பதினெட்டு உண்டு. "எங்கள் ரிஷிகள் அன்றே கண்டார்கள்" என்று பண்டிதர்கள் கிளம்புமுன் அதன் யோக்கியதையை நாம் சொல்லிவிடுகிறோம்.

1890-ம் வருஷம் இங்கிலாந்தில் லுட்விக் மோண்டும் அவரது கூட்டாளிகளும், நிக்கல் தூளின்மேல் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவைச் செலுத்தினார்கள். கெட்டியான உலோகம் ஆவியாய்ப் பறந்தது! நம் நாட்டிலானால் அங்கு ஒரு கோவில் எழும்பியிருக்கும். அவர்களோ பகுத்துப் பார்த்தார்கள். ஒரு நிக்கல் அணுவுக்கு நான்கு வாயு மூலக்கூறு இருந்தது.

ஏன் நான்கு? 1921-ல் லாங்மியூர் போன்றோர் கணக்குச் சொன்னார்கள். பிணைப்புக்கு உதவும் எலக்ட்ரான்கள் நிக்கலுக்கு 10. ஒவ்வொரு வாயு மூலக்கூறும் கொடுப்பது 2. நான்கும் கொடுப்பது 8. மொத்தம் 18. இரும்புக்கு 8, ஆதலால் அது ஐந்தைச் சேர்த்துக்கொள்ளுகிறது. குரோமியத்துக்கு 6, அது ஆறைச் சேர்த்துக்கொள்ளுகிறது. கூட்டிப் பாருங்கள், எல்லாம் 18 தான்.

இந்த எண்ணுக்கு மகிமை ஏதாவது உண்டா? இவ்வுலோக அணுக்களின் வெளிப்புறத்தில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்பது அறைகள். அறைக்கு இரண்டு எலக்ட்ரான். அவ்வளவுதான். கார்பனுக்கு நான்கே அறைகள். அது 8-டன் திருப்தியடைகிறது.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. வனேடியத்துக்கு 5. ஆறு மூலக்கூறு சேர்ந்தும் 17 தான் வருகிறது. ஆயினும் அப்பொருள் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினில் பிளாட்டினத்தைச் சுற்றி 16 தான். அதுவும் நிலைத்து நிற்கிறது. விஞ்ஞானிகள் இவற்றைச் சாதிப்பிரஷ்டம் செய்தார்களா? இல்லை. விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எல்லை வகுத்து, காரணத்தையும் தேடினார்கள்.

நம் சாஸ்திரமோ, வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது. கௌதம தர்ம சூத்திரத்தைப் பாருங்கள். இன்றும் சாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொல்லுகிறார்கள். அங்கே விதி பொருந்தாவிட்டால் விதியைத் திருத்துகிறார்கள். இங்கே மனிதனைத் தீர்த்துவிடுகிறார்கள்.

ஆதலால் தோழர்களே, எவன் எந்த விதியைக் கொண்டுவந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "உன் விதிக்குப் பொருந்தாத ஒன்றைக் கண்டால் நீ என்ன செய்வாய்?" அவன் பதிலைக்கொண்டே அது அறிவா, ஆதிக்கமா என்று தெரிந்துகொள்ளலாம்.