இருவர் இட்ட ஒரே கையொப்பம்

திரைப்படத்தின் தொடக்கத்தில், கதை எழுதியவர் இவர், தயாரித்தவர் இவர், இயக்கியவர் இவர் என்று பெயர்கள் தனித்தனியே வருவது வழக்கம். 1940களில் இங்கிலாந்தில் வெளிவந்த சில படங்கள் இந்த வழக்கத்தை மாற்றின. அவற்றின் தொடக்கத்தில் வட்டமான இலக்கு ஒன்றில் அம்புகள் வந்து தைக்கும். பிறகு, எழுத்து, தயாரிப்பு, இயக்கம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இரண்டே பெயர்கள் தோன்றும். ஒருவர் மைக்கேல் பவல். மற்றவர் எமரிக் பிரஸ்பர்கர். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் 'தி ஆர்ச்சர்ஸ்', அதாவது வில்லாளிகள். அந்த நிறுவனத்தின் கதையே இன்றைய பேச்சு.

பவல் 1905-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர், மண்ணின் மைந்தர். பிரஸ்பர்கர் 1902-ல் ஹங்கேரியில் பிறந்த யூதர். பெர்லினில் திரைக்கதை எழுதிப் பெயர் பெற்றிருந்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய பிழைப்பு போயிற்று. பாரிசுக்குச் சென்றார், அங்கிருந்து 1935-ல் லண்டன் வந்து சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்த பின்னர், ஓர் எழுத்தாளர் தம் தொழிற்கருவியையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தச்சருக்கு எந்த ஊரிலும் உளி உளிதான். எழுத்தாளருக்கோ மொழி மாறினால் கை முடங்கிவிடும்.

லண்டனில் படத்தொழில் நடத்திவந்த அலெக்சாண்டர் கோர்டாவும் ஹங்கேரியரே. அவர் மூலமாகத்தான் பவலும் பிரஸ்பர்கரும் சந்தித்தனர். இருவரும் சேர்ந்து பணியாற்றிய முதற்படம் 1939-ல் வெளிவந்தது. 1942-ல் கூட்டுக் கையொப்பம் பிறந்தது; அதையொட்டி நிறுவனமும் உருவாயிற்று. நடைமுறையில், படப்பிடிப்புத் தளத்தில் நின்று இயக்கியவர் பெரும்பாலும் பவலே. கதையின் முதல் வடிவம் பெரும்பாலும் பிரஸ்பர்கருடையது. ஆயினும் புகழையோ பழியையோ இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதில்லை என இருவரும் உறுதி கொண்டனர்.

தங்கள் கொள்கையை விளக்கி, 1942-ல் வெண்டி ஹில்லர் என்ற நடிகைக்குப் பிரஸ்பர்கர் கடிதம் எழுதினார். பணம் தருவோருக்கு நட்டம் வராமல் பார்ப்பது ஒன்றே தங்கள் கடமை. அதற்கு மேல் எவருக்கும் தாங்கள் கட்டுப்பட்டவர்களல்லர். படத்தின் ஒவ்வோர் அடிக்கும் தாங்களே பொறுப்பு. படத்தின் நோக்கம் உயர்ந்திருந்தால், நட்சத்திரம் முதல் தளத்தில் சாமான் எடுத்து வைப்பவர் வரை அனைவருடைய சுயமரியாதையும் உயரும். அக்கடிதத்தின் சாரம் இதுவாகும்.

இக்கொள்கைக்குச் சோதனை உடனே வந்தது. 'கர்னல் பிளிம்ப்' படம் ஒரு பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிக்கும் ஒரு ஜெர்மன் அதிகாரிக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் நீடித்த நட்பைச் சொல்வது. யுத்தம் உச்சத்தில் இருந்த சமயத்தில் இப்படியொரு கதையா என்று பிரதமர் சர்ச்சில் சினந்தார். படத்தை நிறுத்த வழியுண்டா என்று தம் அமைச்சரைக் கேட்டார். கதாநாயகனாக நடிக்கவிருந்த லாரன்ஸ் ஒலிவியரைக் கடற்படைப் பணியிலிருந்து விடுவிக்க மறுத்துவிட்டனர். வேறு நடிகரைக் கொண்டு படத்தை முடித்தனர். அது 1943-ல் வெளிவந்தது.

அதில் ஒரு காட்சி உண்டு. முதுமையடைந்த அந்த ஜெர்மானியர் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வருகிறார். ஏன் வந்தீர் என்று அதிகாரி கேட்கிறார். மறைந்த தம் ஆங்கில மனைவியின் நாட்டைப் பற்றியும், நாஜிகளாகிவிட்ட தம் பிள்ளைகளைப் பற்றியும் அவர் மெல்லிய குரலில் பேசுகிறார். கேமரா அவர் முகத்தை விட்டு நெடுநேரம் அகலுவதில்லை. நடித்த ஆன்டன் வால்புரூக் வியன்னாவில் பிறந்து புலம்பெயர்ந்தவர். எழுதிய பிரஸ்பர்கரும் புலம்பெயர்ந்தவர். அவருடைய தாயாரோ பின்னர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அக்காட்சியை வியப்போடு பார்த்தேன். அதில் அலங்காரச் சொல் இல்லை. இரவல் மொழி அவருக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது போலும்.

இந்தியாவைப் பற்றியும் இவர்கள் ஒரு படம் எடுத்தனர். 1947-ல் வெளிவந்த 'பிளாக் நார்சிஸஸ்', இமயமலைச் சாரலில் மடம் அமைக்க வரும் கன்னியாஸ்திரீகளின் கதை. ஆனால் படக்குழு இந்தியாவில் அடியெடுத்தே வைக்கவில்லை. பைன்வுட் படநிலையத்தில் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களே பனிமலைகளாயின. ஒளிப்பதிவுக்கும் கலை அமைப்புக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. மைசூரைச் சேர்ந்த சாபு அதில் நடித்தார். இந்தியப் பெண்ணாக வருபவரோ மாநிறம் பூசிய ஆங்கில நடிகை. அது இன்று நம் கண்ணை உறுத்தவே செய்கிறது.

அடுத்த ஆண்டில் 'தி ரெட் ஷூஸ்' வந்தது. செலவு மதிப்பீட்டை மீறிற்று. முதலீடு செய்த ராங்க் நிறுவனத்தார் படம் ஓடாது என்று எண்ணி, போதிய விளம்பரமின்றி வெளியிட்டனர். அதுவோ நியூயார்க்கின் சிறிய அரங்கு ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இருப்பினும் மனம் கசந்து, வில்லாளிகள் கோர்டாவின் நிறுவனத்துக்கு மாறினர். தாம் எடுப்பதைத் தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் பிறர் பணப்பையை நம்பி நிற்கும்வரை நிலையற்றது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. 1957-ல் இருவரும் பிரிந்தனர், பகையின்றியே பிரிந்தனர்.

நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர்களை மார்ட்டின் ஸ்கார்செசி போன்ற இளைய இயக்குநர்கள் மீண்டும் உலகுக்குக் காட்டினர். பிரஸ்பர்கர் 1988-லும் பவல் 1990-லும் காலமாயினர்.

நேயர்களே, உத்தியோகம் நாடி வேற்று மாநிலம் வந்த நம் நிலையும், உயிர் பிழைக்க ஓடிய அவர் நிலையும் ஒன்றல்ல. நாம் விடுமுறைக்கு ஊர் திரும்பலாம். எனினும் ஓர் உண்மை இருவருக்கும் பொதுவானது. வந்தவருக்கு இடம் கொடுப்பது ஒன்று. வேலை கொடுப்பது ஒன்று. தம் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் சமமாக எழுதுவது வேறொன்று. பவல் அந்த மூன்றாவதைச் செய்தார். அதனால் அவர் பெயர் குன்றவில்லை. தாம் தனியே எடுத்திருக்க இயலாத படங்களுக்கு அவர் உரியவரானார்.