அமெரிக்க நேரம் மாறும்போது

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் மாலை 7 மணிக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் பேத்தியைக் கூப்பிட்டேன். "ஒரு மணி நேரமா காத்திருந்தேன் தாத்தா" என்றாள். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைக்கிறார்கள். பத்தரை மணி வித்தியாசம் அப்போது ஒன்பதரையாகிவிடும்.

இதற்காக உங்கள் கம்ப்யூட்டரின் இந்திய நேரத்தைத் திருத்தாதீர்கள். விண்டோஸில் தேதி, நேரம் செட்டிங்ஸுக்குள் 'அடிஷனல் கிளாக்ஸ்' போய், டிக் போட்டு, பிள்ளைகள் ஊருக்கான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நியூ ஜெர்சிக்கு 'ஈஸ்டர்ன் டைம்'. பிறகு மவுஸைக் கீழே மணியின் மேல் வைத்தால் அந்த ஊர் நேரமும் தெரியும். மார்ச், நவம்பர் மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் மாலையில் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து செய்துவிடலாம்.